நிலாவில் தோற்ற வாத்தியார்

நானும் என் அப்பாவும் ஒரே வருஷத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதினோம். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பாவுக்கு நாற்பத்து மூன்று. நான் புதுக்கோட்டையில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மிஷன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். நயா பைசா வந்த புதிது. அணாவா பைசாவா என்று கடைக்காரர்கள் முழித்த மாதிரியே, எங்கள் வீட்டில் யார் வாத்தியார், யார் பிள்ளை என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா எட்டாவது முடித்து, பயிற்சி எடுத்து, பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவர். பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருஷமாகப் பொறுப்பு ஹெட்மாஸ்டராக இருந்தார். அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கையெழுத்துக்குக் கீழே போட்டே தீர வேண்டிய இடத்தில் மட்டும் பொடி எழுத்தில் போடுவார். ஒருநாள் பள்ளி மேனேஜரான பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டு, இனிமேல் எஸ்.எஸ்.எல்.சி. இல்லாதவரை அந்த நாற்காலியில் வைத்திருக்க முடியாது, வருகிற மார்ச்சில் பிரைவேட்டாக எழுதித் தேறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூன் மாதம் வேறு ஆள் வருவார் என்று சொல்லிவிட்டார். அந்த வேறு ஆள் யார் என்பது ஊருக்கே தெரியும். கீழத்தெருவைச் சேர்ந்தவர், திருச்சியில் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர், அப்பாவிடம் ஐந்தாவது படித்தவர். அவர் ஹெட்மாஸ்டராக வந்தால், அவர் உள்ளே நுழையும்போது அப்பா எழுந்து நிற்க வேண்டும். சம்பளத்தில் ஒன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. எழுந்து நிற்பதுதான் அப்பாவுக்கு முடியாத காரியம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்ததும், பெட்டியை இறக்கி வைக்கக்கூட விடாமல் அப்பா ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "ஆத்தா, நான் கேப்பேன். நீ சொல்லணும். நான் எழுதிக்குவேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சமூகப் பாடம், பொது விஞ்ஞானம், கணக்கு, இங்கிலீஷ் என்று நான்கு பகுதியாக நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் சிலுவை போட்டு வைத்திருந்தார். தமிழுக்குப் பகுதி இல்லை. ஏன் என்று கேட்டேன். "தமிழா? போ ஆத்தா" என்று சிரித்தார். இருபத்து நாலு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவரிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

எங்கள் பள்ளியில் முதல் மணி ஞானோபதேசம், அதாவது வேதப் பாடம். கேள்வி ஒன்று, அதற்கு விடை ஒன்று. கேள்விக்கு நம்பர் உண்டு, விடைக்கு ராகம் உண்டு. விடையில் ஒரு சொல் முன்பின் ஆனாலும் முழங்கால் போட வேண்டும். பிள்ளைகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் சாமியார் வந்து பரீட்சை வைப்பார். அவர் கேள்வியைக்கூடப் படிக்க மாட்டார், "இருபத்தேழு" என்பார். அப்பா தயார் செய்த பிள்ளைகள் கேள்வியையும் விடையையும் சேர்த்து மழை மாதிரி கொட்டிவிடும். சுற்றுவட்டாரத்தில் அப்பாவுக்கு இருந்த பெயர் முழுக்க அதில் சம்பாதித்ததுதான். உலகத்தில் இருக்கிற எல்லாப் படிப்பும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். சர்வேசுரனைப் பற்றியே இத்தனை கேள்விதான் என்று வகுத்துவிட்டார்கள், அப்புறம் இரும்புத் துருவைப் பற்றி எத்தனை இருந்துவிடப் போகிறது என்பது அவர் கணக்கு.

முதல் நாளே தகராறு வந்தது. வகுப்பறைக் குரலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பதினாலு. இரும்பு துருப்பிடிப்பது ஏன்?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் அதையே மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து ஈரக் காத்துன்னு சொன்ன. இன்னைக்குக் காத்துல உள்ள ஈரம்ங்குற. எது சரி?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு விதமாச் சொல்ற?"

எங்கள் விஞ்ஞான டீச்சர், சொந்த வார்த்தையில் எழுதினால்தான் மார்க் என்று சொல்லிச் சொல்லி எங்களைப் பழக்கியிருந்தார். இவரோ சொந்த வார்த்தை என்பதையே ஒரு திருட்டுத்தனமாகப் பார்த்தார். நான்கு நாளில் எனக்கே பேச்சு தடுமாற ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்கும்போதுகூட நேற்று எந்தச் சொல்லால் கேட்டேன் என்று யோசித்தேன்.

பைதாகரஸ் தேற்றத்தை அவர் மூன்றே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார், படத்தோடு. ஏ, பி, சி என்று கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு முக்கோணம் போட்டு பி, க்யூ, ஆர் என்று எழுதிக் கொடுத்தேன். தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம முக்கோணம் இல்லையே, ஆத்தா."

"எந்த எழுத்தா இருந்தா என்னப்பா? கோணம் அதேதான."

"எழுத்து மாறிப்போனா ஆளே மாறிப்போச்சுல்ல?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தில் துளி விளையாட்டு இல்லை. நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கேள்வித்தாள் தயாரிக்கிறவருக்கு ஏ, பி, சி-யின்மேல் ஆசை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவருக்குத் தனியாக உட்கார்ந்து படித்தால் ஏறாது. அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் சொன்ன விடைகளை எல்லாம், லீவு என்றும் பாராமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். நாற்பது பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்தினால் அவருக்கு இரண்டே முறையில் பதிந்துவிடும். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் கண்மாய்க் கரையில் பார்லிமெண்டின் இரண்டு சபைகளைப் பற்றிப் பாடிக்கொண்டு போனது அந்த ஒரு வருஷம் மட்டும்தான். ஒரு பெண்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "வாத்தியாரய்யா, எம் மக அடுப்படியில நின்னுக்கிட்டு ரஷ்யாவோட எல்லையெல்லாம் சொல்றாங்க. வேப்பெலை அடிக்கணுமாங்க?" என்று கேட்டார். அப்பா அதையும் ஒரு நற்சாட்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது நிலாவுக்கு வருகிறேன். லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. நானும் அம்மாவும் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். அப்பா வந்து நின்றார்.

"அறுபத்து மூணு. சந்திரன் வளர்வதும் தேய்வதும் ஏன்?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பூமியோட நெழலு அதும் மேல விழுதுல்ல, அதாம்ப்பா" என்றேன். அவர் போய், அழகான நடையில், 'பூமியின் நிழல் சந்திரன்மேல் நாள்தோறும் கூடுதலாகவும் குறைவாகவும் விழுவதால்' என்று எழுதிக்கொண்டார். எனக்கு அந்த விடையை யாரும் சொல்லித் தரவில்லை. அது எனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியே பழகிவிட்ட வாய், அதுவாகச் சொல்லிவிட்டது.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் விஞ்ஞான டீச்சர் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, மேஜைமேல் ஒரு விளக்கை வைத்தார். ஓர் எலுமிச்சம்பழத்தை என் தலைக்குச் சற்று மேலே வருகிற மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு என்னை நடுவில் நிற்க வைத்தார். நான்தான் பூமி. அவர் என்னைச் சுற்றி வந்தார். விளக்கு வெளிச்சம் பழத்தின் பாதியில் எப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் நிற்கிற இடத்தைப் பொறுத்து அந்த வெளிச்சப் பாதி எனக்கு முழுதாகவும், அரையாகவும், கீற்றாகவும் தெரிந்தது. என் நிழல் அதன்மேல் படவே இல்லை. "புரியுதா? நிழலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. நிழல் விழுறது கிரகணத்தப்ப மட்டுந்தான்" என்றார் டீச்சர். மற்றப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். டீச்சர் கையிலிருந்த பழத்தைப் பார்க்கப் பார்க்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் கண் முன்னால் வந்தார்கள்.

அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அறுபத்து மூன்றாம் கேள்விக்கு நான் சொன்னது தப்பு, சரியான விடை இது என்று விளக்கி, படமும் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்துக் கார்டு வந்தது. எல்லோரும் சுகம், நம் பசு சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அறுபத்து மூன்றைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்.

பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டதும் ஊருக்கு வந்தேன். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது எதிரே நான்கு பிள்ளைகள் விறகுக் கட்டோடு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாத்தியார் மகள் என்று மரியாதையாக நின்று, "அறுபத்து மூணு!" என்று ஒருவன் எடுத்துக் கொடுக்க, நான்கு பேரும் பூமியின் நிழலைப் பாடிக் காட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்கள் நான் பாட்டில் உருகிப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாடினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன். அப்பா பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "அன்னைக்கும் நீ இப்படித்தான் அடிச்சுச் சொன்ன. இன்னைக்கும் அடிச்சுச் சொல்ற. நான் எந்த நாளு சொன்னத எடுத்துக்கட்டும்?" என்றார்.

"டீச்சர் சொன்னாங்கப்பா."

"சரி. பூமிக்கு நெழலே கெடையாதுங்குறாங்களா?"

"இருக்குப்பா."

"அது நிலா மேல விழுமா, விழாதா?"

"விழும். கிரகணத்தப்ப விழும்."

"அப்ப விழுங்குற."

"விழும், ஆனா அதுனால தேயல."

"விழுமா விழாதான்னு ஒரே வார்த்தையாச் சொல்லு ஆத்தா."

நான் விளக்கையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்தேன். எங்கள் வீட்டுக் கூரையில் சந்து சந்தாக வெயில் இறங்கியதில் பழம் எல்லாப் பக்கமும் வெளிச்சமாகத்தான் இருந்தது. போதாததற்கு என் கை நிழலே அதன்மேல் விழுந்துவிட்டது. "இந்தா, விழுது பாரு" என்று அப்பா காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "அது பாட்டுக்கு வளருது, அது பாட்டுக்குத் தேயுது. அப்பனும் மகளும் அத ஏன் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பழத்தை ஊறுகாய்க்கு வாங்கிக்கொண்டு போனார்.

நான் விடவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு வானத்தில் அரை நிலா வெளிறித் தெரிந்தது. சூரியனும் மேற்கே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அப்பாவைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பாருங்கப்பா. சூரியன் அங்கிட்டு இருக்கு, நிலா இங்கிட்டு இருக்கு, நாம நடுவுல நிக்கிறோம். நம்ம நெழலு எப்படிப்பா அங்க போயி பாதிய மறைக்கும்?" கண்ணுக்குமேல் கையை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். "பகல் நிலாவுக்கு வேற நம்பர் இருக்கும்" என்றார்.

அதன்பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். படுத்தால் எலுமிச்சம்பழம் சுற்றியது. டீச்சர் சொன்னபோது தெளிவாக இருந்தது இப்போது ஏன் கலங்குகிறது? நான் சரியாகத்தான் கேட்டேனா? ஒருவேளை முதலில் சொன்னதும் ஒரு வகையில் சரிதானோ? ஒரு நாள் அப்பா வெளியே போயிருந்த சமயம் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 63 அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அதே அழகான எழுத்தில், 63-அ என்று போட்டு என் இரண்டாவது விடையை எழுதியிருந்தார். ஒன்றையும் அடிக்கவில்லை. ஞானோபதேசத்தில் 'அ' போட்ட கேள்வியே கிடையாது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு இரண்டு விடை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார். பிள்ளைகளோ இரண்டையும் ஒட்டி, நிழல் விழுவதால் ஒளி படுவதால் என்று ஒரே பாட்டாக்கி விட்டிருந்தார்கள்.

பரீட்சைக்குப் புதுக்கோட்டையில் மாமா வீட்டில் தங்கினோம். எனக்கு ஒரு பள்ளிக்கூடம், பிரைவேட்டாக எழுதுகிறவர்களுக்கு வேறு பள்ளிக்கூடம். முதல் நாள் தமிழ். அப்பா கஞ்சி போட்ட சட்டையில், பேனாவின் நிப்பை இரண்டு தடவை கழுவி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "எப்படிப்பா?" என்றேன். "எம் பேப்பரத் திருத்தப் போறவன் குடுத்து வச்சவன்" என்றார். கணக்கன்று, "முக்கோணம் நம்ம முக்கோணந்தான் ஆத்தா!" என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். சமூகப் பாடத்துக்கு எழுதிய வேகத்தில் விரலெல்லாம் மை.

விஞ்ஞானத் தாளைப் பிரித்தேன். நான்காவது கேள்வி நிலா.

நான் டீச்சர் சொன்னபடி எழுதினேன். இந்த நிமிஷம் ஊரின் மறுகோடியில் அப்பாவும் இதே கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பை என்னால் தள்ளவே முடியவில்லை. எதை எழுதுவார்? நான் அலட்சியமாகச் சொன்னதையா, அழுதுகொண்டு சொன்னதையா? மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக அவர் எழுதிய பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன். அவர் நிதானமாக வந்தார்.

"அறுபத்து மூணு வந்துருச்சு" என்றார்.

"எத எழுதுனீங்கப்பா?"

"ரெண்டையும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும் எழுதி, கீழ ஒரு வரி போட்டேன். ஐயா, இவ்விரண்டில் ஒன்று சரி. எது என்பதில் என் மகளுக்கே ஐயம் உள்ளது. தாங்கள் அறிவீர்கள். அப்படின்னு."

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். விடைத்தாளில் ஊர், பேர், உறவு எதையும் காட்டக் கூடாது, திருத்துகிறவருக்குச் சேதி எதுவும் எழுதக் கூடாது, எழுதினால் தாள் செல்லாது என்று எங்களுக்குப் பள்ளியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் வாத்தியார், திருத்துகிறவரும் வாத்தியார். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரிடம் மனம்விட்டுக் கேட்டதில் என்ன குற்றம் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது. விதியைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஏப்ரலும் மே மாதமும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கோயிலில் முழங்காலில் நிற்பேன். என்ன வேண்டுவது என்று தெரியாது. திருத்துகிறவர் நல்லவராக இருக்கட்டும் என்று முதலில் வேண்டினேன். நல்லவர் என்றால் ஒழுங்காகப் படித்துப் பார்ப்பாரே என்று பயந்து, சோம்பேறியாக இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டேன். அப்பாவோ பள்ளிக்கூடத்து மரப்பலகைக்குப் புதுச் சாயம் அடித்து, ஹெட்மாஸ்டர்கள் பெயர் வரிசையில் தன் பெயருக்கு இடம் விட்டு வைத்தார்.

ரிசல்ட் வந்த பேப்பர் சாமியார் பங்களாவுக்குத்தான் முதலில் வரும். அப்பாவும் நானும் போனோம். என் நம்பர் இருந்தது. அப்பா அதை விரலால் தொட்டு, "இருக்கு ஆத்தா" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு அவர் நம்பரைத் தேடினோம். அவர் நம்பருக்கு முன்னது இருந்தது, பின்னது இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மூன்று தடவை பார்த்தோம். "அச்சுல விட்டுப் போயிருக்கும்" என்றார் அப்பா. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். நிலா, நிலா என்று என் மண்டைக்குள் அடித்துக்கொண்டது. என் அப்பாவை எழுந்து நிற்க வைத்துவிட்டேன், கடலை உடைத்துக்கொண்டே அதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மார்க் போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அப்பா உறையைக் கிழித்து, தான் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். நான் நேரே விஞ்ஞானத்துக்குப் போனேன். தேறியிருந்தார். சும்மா தேறவில்லை, நல்ல மார்க். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. கணக்கு, தேர்ச்சி. சமூகப் பாடம், தேர்ச்சி. இங்கிலீஷ், கரையேறியிருந்தது. மேலே போனேன். தமிழில் தேற ஏழு மார்க் குறைவு.

தப்பான வரியைப் பார்க்கிறேனோ என்று விரலை வைத்துப் பார்த்தேன். அப்பா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்லயா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நல்லாத்தான எழுதுனேன்? முத்து முத்தா எழுதுனேனே." "நாலு கேள்விதான் முடிச்சேன். அஞ்சாவதுல பாதியில மணி அடிச்சிட்டாங்க. எழுதுன வரைக்கும் லட்சணமா இருக்கே, போதும்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்து நாலு வருஷம் சின்னப் பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்காகக் கரும்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுழித்து இறக்கிய கை அது. பயந்த பாடங்களில் விரலெல்லாம் மையாக்கி ஓடியது. பயமில்லாத பாடத்தில், திருத்துகிறவர் பார்த்து ரசிக்கட்டும் என்று, ஒன்றாம் வகுப்புக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறது. இந்த ஒரு பாடத்துக்கு அவருக்கு நான் ஒரு கேள்விகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஜூனில் கீழத்தெருக்காரர் ஹெட்மாஸ்டராக வந்தார். அப்பா எழுந்து நின்றார். முதல் நாள் புது ஹெட்மாஸ்டர் பதறிப்போய், "நீங்க உக்காருங்க சார்" என்றாராம். ஒரு மாதத்தில் அப்படிச் சொல்வது நின்றுபோனது. செப்டம்பரில் அப்பா அந்த ஒரு பாடத்தை எழுதித் தேறினார். எங்கள் பள்ளி நாற்காலி போனது போனதுதான். அவர் ஏன் தோற்றார் என்பதை ஊர் வேறு விதமாகத் தெரிந்துகொண்டது. அது நடந்தது புத்தகம் வந்த அன்றுதான்.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடத்தை இறக்காமலே என்னிடம், "எதுல போச்சு?" என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்போது ஒரு வார்த்தை சொன்னால், பொழுது சாய்வதற்குள் அது கிணற்றடிக்குப் போய்விடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கும் ஒரு ராகம் கட்டிவிடும்.

"சயின்ஸ்லம்மா" என்றேன்.

"சயின்ஸா? அது நீ சொல்லிக் குடுத்ததுல்ல?"

"ஆமாம்மா."

"அந்த நிலாவா?"

"ஆமா."

அம்மா குடத்தை வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பிக் கொட்டியது. "பாவி மக, பெத்த தகப்பன இப்படித் தலைகுனிய வச்சிட்டியேடி. தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்றதுக்கென்ன? நீ மட்டும் பாஸ் பண்ணிக்கிட்ட" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததை எல்லாம் சொன்னார். நான் நின்று வாங்கிக்கொண்டேன். அப்பா என் கையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், தகரப் பெட்டியைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியில் வைத்தார்.

"விடு, பிள்ளைய வையாத. நிலாவுல யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க" என்றார்.

நானாகத்தான் சொன்னேன். அவருக்காகத்தான் சொன்னேன். இருந்தாலும் அம்மா திட்டிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், இல்லை, தமிழில்தான் போச்சு என்று அவர் சொல்லிவிடுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.